மூலம் இல்லாத உரை: ஒரு வைஃபை அட்டையின் வரலாறு

'ட்ரைவர்' என்னும் கணிப்பொறிச் சொல்லுக்குத் தமிழில் 'இயக்கி' என்ற சொல் வழங்கி வருகிறது. சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு இச்சொல் வேறொரு நினைவையும் தரும். மாதரி பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் கவுந்தியடிகளைக் காண்கிறாள். அவள் மடை கொடுத்தது இயக்கி என்னும் பெண் தெய்வத்துக்கு. கண்ணுக்குத் தெரியாமல் நின்று காரியத்தை நடத்தி வைக்கும் சக்தி என்ற அளவில் கணிப்பொறியின் இயக்கியும் அதற்கு அதிகம் அந்நியமானதன்று. அச்சுப்பொறியானாலும் ஒலியட்டையானாலும், அந்த வன்பொருளுக்கு விளங்கும் மொழியில் அதனோடு பேசக்கூடிய ஒரு சிறு நிரல் இயங்குதளத்துக்குள் இருந்தாக வேண்டும். அது இல்லையென்றால், விலைகொடுத்து வாங்கிய பொருள் மேசைமேல் கிடக்கும் உலோகத் துண்டுதான்.

அந்த மொழியை யார் அறிவார்? வன்பொருளைச் செய்தவர் அறிவார். அவர் சொல்ல மறுத்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குச் சில இளைஞர்கள் தேடிய விடையின் வரலாறே இக்கட்டுரை. கணிப்பொறித் துறைக்கு உரிய செய்திதானே என்று இலக்கிய வாசகர்கள் இதைக் கடந்துபோக வேண்டியதில்லை. வாசித்தல், எழுதுதல், பிறர் எழுத்தைக் களவாடாதிருத்தல் என்னும் மூன்றைப் பற்றிய வரலாறு இது.

*

கம்பியில்லாமல் கணிப்பொறிகளை இணைக்கும் 802.11 என்ற தரநிர்ணயம் 1997இல் வெளிவந்தது. நொடிக்கு 54 மெகாபிட் வேகம் கொண்ட 802.11ஜி என்ற வடிவம் ஜூன் 2003இல் முறைப்படி ஏற்கப்பட்டது. ஆனால் சந்தை அதற்காகக் காத்திருக்கவில்லை. கலிஃபோர்னியாவின் பிராட்காம் நிறுவனம், தரநிர்ணயம் முடிவாகும் முன்பே அதன் வரைவை ஒட்டிச் சில்லுகளைச் செய்து விற்கத் தொடங்கிவிட்டது. ஜனவரி 2003இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஏர்போர்ட் எக்ஸ்ட்ரீமுக்குள் இருந்தது பிராட்காம் சில்லுதான். பிசிஎம் 4306, பிசிஎம் 4318 போன்ற எண்களைத் தாங்கிய அச்சில்லுகள், அடுத்த சில ஆண்டுகளில் பல நிறுவனங்களின் மடிக்கணினிகளுக்குள் குடியேறின. வாங்குபவர்க்கு அந்தப் பெயரே தெரியாது. லினக்ஸை நிறுவிப் பார்த்து, வைஃபை மட்டும் எழுந்திருக்க மறுக்கும்போதுதான் தெரியவரும்.

இதில் ஒரு வினோதம் உண்டு. அதே சில்லைக் கொண்டு லிங்க்சிஸ் நிறுவனம் விற்ற டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டர் உள்ளுக்குள் லினக்ஸிலேயே ஓடியது. ஜூன் 2003இல் ஆண்ட்ரூ மிக்லாஸ் என்பவர் அதை வெளிப்படுத்தினார். லினக்ஸின் உரிமமாகிய ஜிபிஎல், அந்நிரலைப் பிறருக்குக் கொடுப்பவர் மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்த நிபந்தனையைக் காட்டிப் பலரும் கேட்கவே, மூலநிரல் வெளியிடப்பட்டது. 2004இல் தொடங்கிய ஓபன்டபிள்யூஆர்டி என்னும் திட்டம் அந்த வெளியீட்டின் குழந்தை.

ஆனால் வெளிவந்த பொதியில் ஒரே ஓர் அறை பூட்டியபடியே இருந்தது. வைஃபை சில்லை இயக்கும் பகுதி மட்டும் எந்திர மொழியில், படிக்க இயலாத தனிக் கோப்பாக வந்தது. அதன் விளைவு வேடிக்கையானது. அக்கோப்பு லினக்ஸ் கெர்னலின் 2.4 வரிசைக்காக உருவாக்கப்பட்டது. டிசம்பர் 2003இலேயே 2.6 வந்துவிட்டது; உலகம் முன்னே போனது. ஆனால் அந்த ரவுட்டர்களில் வைஃபை வேண்டுமென்றால் பழைய 2.4இலேயே பல ஆண்டுகள் தங்கியிருக்க நேர்ந்தது. ஒரு மூடிய கோப்பு தன்னைச் சுற்றியிருந்த திறந்த வீடு முழுவதையும் கட்டிப்போட்டது.

*

நிறுவனங்கள் ஏன் மறுத்தன? கருமித்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமாகாது. வைஃபை அட்டை என்பது ஒரு சிறு வானொலி நிலையம். எந்த அலைவரிசையில், எவ்வளவு ஆற்றலுடன் ஒலிபரப்பலாம் என்பதை ஒவ்வொரு நாட்டின் சட்டமும் தனித்தனியே வரையறுக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அமெரிக்காவில் 11 தடங்கள், ஐரோப்பாவில் 13, ஜப்பானில் பழைய 802.11பி முறைக்கு மட்டும் 14ஆவது தடமும் உண்டு. இந்த வரம்புகளைப் பல சில்லுகளில் காத்து நின்றது மென்பொருளே. மூலநிரலைக் கொடுத்தால் பயனர் வரம்பை மீறுவார், அதற்கு நம்மைப் பொறுப்பாக்குவார்கள் என்று நிறுவனங்கள் அஞ்சின. போட்டியாளர் தம் தந்திரங்களை அறிந்துவிடுவார் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது.

ஒப்பீட்டளவில் நட்புடன் நடந்துகொண்ட இன்டெல்கூட இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டது. 2006இல் அது வெளியிட்ட 3945 அட்டையின் இயக்கி திறந்த நிரல்தான். ஆனால் வானொலி விதிகளைக் காக்க ஒரு மூடிய நிரலும் பின்னணியில் ஓட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. எதிர்ப்பு எழுந்தது. 2007இல் அந்தக் காவலைச் சில்லுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேருக்குள் நகர்த்தியது இன்டெல். இந்த நகர்த்தலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரையின் முடிவில் அது மீண்டும் வரும்.

பிராட்காம் அட்டை வைத்திருந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. பாண்டஸ் ஃபுக்ஸ் தொடங்கி, கிரிதர் பெம்மசானி வளர்த்தெடுத்த என்டிஸ்ராப்பர் என்னும் நிரல் அது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட இயக்கியை அப்படியே எடுத்து வந்து, லினக்ஸுக்குள் விண்டோஸ் இருப்பதுபோல் ஒரு பாவனையை உண்டாக்கி, அந்த இயக்கியை ஏமாற்றி வேலை வாங்கும் ஏற்பாடு. மிகுந்த சாமர்த்தியம்; பல்லாயிரம் பேருக்கு அன்றாடம் உதவியது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறதென்று எவராலும் பார்க்க முடியாத ஒன்றைக் கெர்னலின் நடுவீட்டில் உட்கார வைப்பதாகவும் அது இருந்தது. பழுது வந்தால் திருத்த வழியில்லை. மேலும், விண்டோஸ் இயக்கிகள் இன்டெல் வகைச் செயலிகளுக்காக ஆக்கப்பட்டவை. பவர்பிசி செயலி கொண்ட ஆப்பிள் மடிக்கணினிகளில் லினக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் குறுக்குவழியும் அடைபட்டிருந்தது. அவர்கள் கையில் பிராட்காம் அட்டை இருந்தது. இயக்கி மட்டும் எத்திசையிலிருந்தும் வரவில்லை.

*

மீதமிருந்தது ஒரே வழி. மூடிய இயக்கியின் எந்திர மொழியைப் பிரித்துப் படித்து, சில்லின் மொழியைக் கற்றுக்கொள்வது. இதில் ஓர் அறச்சிக்கலும் சட்டச்சிக்கலும் ஒன்றாகப் பிணைந்திருந்தன. பிறர் நிரலைப் படித்தவர் தாமே ஒரு நிரலை எழுதினால், அறிந்தோ அறியாமலோ படித்தது எழுத்தில் இறங்கிவிடும். பதிப்புரிமைச் சட்டம் கருத்தைக் காப்பதில்லை. அக்கருத்து எழுத்தாகியிருக்கும் வடிவத்தையே காக்கிறது. கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வடிவத்தைத் தொடாமல் விடுவது எப்படி?

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் கணினியோடு ஒத்துப்போகும் கணினிகளைச் செய்ய விரும்பியவர்களுக்குத் தடையாக நின்றது அதன் பயாஸ் என்னும் அடிப்படை நிரல். ஐபிஎம் அதன் மூலநிரலைக் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. ஆனால் பதிப்புரிமை அதற்கே. முதலில் காம்பாக்கும், பிறகு 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனமும் ஒரு முறையைக் கையாண்டன. ஒரு குழு படிக்கும். அது என்ன செய்கிறது என்பதை மட்டும் விவரித்து எழுதும். அந்த மூலத்தைக் கண்ணாலும் காணாத இன்னொரு குழு, விவரணையை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக நிரல் எழுதும். இரண்டு குழுக்களுக்கும் நடுவே ஒரு சுவர்.

பிராட்காம் சில்லுக்காகக் கூடியவர்களும் இந்தச் சுவரைக் கட்டிக்கொண்டார்கள். ஃபீனிக்ஸுக்கு மூதலீடும் வழக்கறிஞர்களும் இருந்தனர். இவர்களோ பெரும்பாலும் மாணவர்களும் ஓய்வு நேரத்தில் உழைத்தவர்களும். வெவ்வேறு நாடுகளில் இருந்தவர்கள். பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்கள். அவர்களின் சுவர் செங்கல்லால் ஆனதன்று, கொடுத்த வாக்கால் ஆனது. படித்தவர் எழுதக்கூடாது, எழுதுபவர் படித்திருக்கக்கூடாது.

படித்த குழு எழுதி வைத்த விவரணையை எண்ணிப் பாருங்கள். இன்ன முகவரியில் இன்ன எண்ணை எழுதுக, இத்தனை மைக்ரோ விநாடி பொறுத்திருக்க, பிறகு இன்ன இடத்தில் இருக்கும் மதிப்பைப் பார்க்க என்ற வகையிலான வாக்கியங்கள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும். ஏன் அந்த எண், ஏன் அவ்வளவு நேரம் என்பதற்குப் பல இடங்களில் விளக்கம் இராது. செய்தவர்க்கு மட்டுமே தெரிந்த காரணம் அது. பொருள் விளங்காவிட்டாலும் பாடத்தைச் சிதைக்காமல் காப்பாற்றி அடுத்தவர் கையில் சேர்க்கும் ஏடெழுதுவோரின் பொறுமை அவர்களிடம் இருந்தது.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இது வேறொரு வகையில் புரிகிறது. மூலநூல் முழுமையாகக் கிடைக்காமல், உரையாசிரியர்களின் மேற்கோள்களாலும் தொகை நூல்களாலும் மட்டுமே நாம் அறியும் நூல்கள் நம்மிடம் உண்டு; முத்தொள்ளாயிரம் அப்படித்தான் நமக்கு எஞ்சியது. அங்கே காலம் மூலத்தை மறைத்தது. இங்கே உரிமையாளர் மறைத்தார். இரண்டு இடத்திலும் நம் கைக்கு எட்டுவது உரை மட்டும்.

சுவரின் மறுபுறத்தில் மிஷாயேல் ப்யூஷ், மார்ட்டின் லாங்கர், ஸ்டெஃபானோ பிரிவியோ, டேனி வான் டைக், ஆந்த்ரேயாஸ் யாகி ஆகிய ஐவர் அந்த உரையைப் படித்து இயக்கியை எழுதினார்கள். 2005இன் இறுதியில் அது வேலை செய்கிறது என்ற அறிவிப்பு வந்தது. பிசிஎம்43எக்ஸ்எக்ஸ் என்ற பெயரில், ஜூன் 2006இல் வெளியான 2.6.17 கெர்னலில் அது இடம்பெற்றது. உற்பத்தியாளர் ஒரு பக்கம்கூட ஆவணம் தராத சில்லு, லினக்ஸின் உள்ளிருந்தே பேசத் தொடங்கியது.

வெற்றி முழுமையானதன்று. சில்லுக்குள் இருக்கும் சிறு செயலிக்கு உணவாக ஃபர்ம்வேர் தேவை. அதைப் பிறர்க்கு வழங்கப் பிராட்காம் அனுமதி தரவில்லை. ஆகவே ஏதேனும் ஒரு மூடிய இயக்கியை எடுத்து, அதற்குள் பொதிந்திருக்கும் ஃபர்ம்வேரை வெட்டியெடுக்கும் கருவி ஒன்றும் எழுதப்பட்டது. பயனர் அந்த மூடிய இயக்கியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். இணையம் வருவதற்கு இணையம் வேண்டும் என்ற நிலை! கேபிள் ஒன்றைத் தேடிப் பிடித்தவர்களுக்கே கம்பியில்லாமல் இருக்கும் பேறு வாய்த்தது.

*

இந்த வரலாற்றின் கசப்பான அத்தியாயம் 2007இல் வருகிறது. அந்தச் சண்டை நிறுவனத்தோடு நிகழ்ந்ததன்று. கட்டற்ற மென்பொருள் உலகின் இரண்டு வீடுகளுக்கு இடையே நிகழ்ந்தது.

ஓபன்பிஎஸ்டி என்பது லினக்ஸைப் போன்றே திறந்த இன்னொரு இயங்குதளம். ஆனால் அதன் உரிமம் வேறு. ஜிபிஎல் என்பது, எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நீங்கள் கட்டியதையும் அதே நிபந்தனையில் திறந்து வைக்க வேண்டும் என்கிறது. பிஎஸ்டி வகை உரிமமோ, என் பெயரையும் உரிமக் குறிப்பையும் மட்டும் காத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்கிறது. மார்குஸ் க்ளோக்கர் என்பவர் ஓபன்பிஎஸ்டிக்காக அதே பிராட்காம் சில்லுக்கு இயக்கி எழுதிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 2007இல் மிஷாயேல் ப்யூஷ் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். தங்கள் ஜிபிஎல் நிரலின் பகுதிகள் க்ளோக்கரின் கோப்புகளில் அனுமதியின்றி இடம்பெற்றிருக்கின்றன என்று இடங்களைச் சுட்டிக் காட்டி, இதைப் பேசித் தீர்க்க வருமாறு அழைத்தார்.

ஓபன்பிஎஸ்டியின் தலைவர் தியோ டி ராட் சீறினார். வெளியீட்டுக்கு வராத, இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருந்த வரைவு அது; தனியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருத்தப்பட்டிருக்கும்; ஊரறியக் குற்றம் சாட்டியது மனிதத்தன்மையன்று என்பது அவர் வாதத்தின் சாரம். மறுதரப்புக்கோ, எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட்ட களஞ்சியத்தில் சேர்த்ததே வெளியீடுதான். க்ளோக்கர் அந்த இயக்கியைக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார்.

இரு தரப்பிலும் உண்மை இருந்தது. அந்நிய நிறுவனத்தின் பதிப்புரிமையை மதிப்பதற்காக நடுவில் சுவர் எழுப்பி, நினைத்ததை நேரே எழுதும் எளிய வழியைத் துறந்தவர்கள், தம் சொந்த வரிகள் எடுக்கப்பட்டபோது வலி கொண்டதில் வியப்பில்லை. அதே சமயம், பகிர்ந்துகொள்வதற்கென்றே கூடிய உலகில் ஓர் இளைஞரின் பிழை சில மணி நேரத்தில் ஊர்ப் பஞ்சாயத்தாகிவிட்டதும் வருத்தத்துக்குரியதே.

காலம் உடனே தராசைச் சமன் செய்தது. ஆகஸ்ட் 2007இல், ஓபன்பிஎஸ்டியின் ரைக் ஃப்ளோட்டர் ஏதெரோஸ் நிறுவனச் சில்லுகளுக்காகத் தாமே கண்டறிந்து எழுதியிருந்த நிரலை லினக்ஸில் சேர்க்கும் முயற்சி நடந்தது. அப்போது முன்வைக்கப்பட்ட ஒரு திருத்தம், அவருடைய உரிமக் குறிப்பை எடுத்துவிட்டு ஜிபிஎல்லை இட்டது. இப்போது குற்றச்சாட்டு எதிர்த்திசையில் பறந்தது. சட்ட வல்லுநர்களின் ஆலோசனை வேண்டியிருந்தது. முடிவில் அவர் கோப்புகள் அவர் உரிமத்துடனேயே, ஏப்ரல் 2008இல் வந்த 2.6.25 கெர்னலில் ஏடிஹெச்5கே என்ற இயக்கியின் பகுதியாயின.

பிராட்காம் கதைக்கு ஓர் அழகிய பின்குறிப்பும் உண்டு. 2007இலேயே செஃபெரோசா ஸியாவ் என்பவர் டிராகன்ஃப்ளை பிஎஸ்டிக்காகப் புதிதாக ஓர் இயக்கியை எழுதினார். ஓபன்பிஎஸ்டியும் அதை ஏற்றுக்கொண்டது. அதன் கையேட்டுப் பக்கத்தில், சில்லின் விவரணையைக் கண்டறிந்து எழுதியவர்களுக்கு உரிய குறிப்பு இடம்பெற்றிருக்கிறது. வரிகளை எடுக்காமல், உரையை மட்டும் படித்து எழுத முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. லினக்ஸின் நிரல் ஜிபிஎல்லுக்குக் கட்டுப்பட்டது. ஆனால் அறிவு எவருக்கும் கட்டுப்பட்டதன்று. அந்தச் சிறு குழுவின் தலையாய படைப்பு இயக்கியா, விவரணையா என்று என்னைக் கேட்டால் விவரணை என்றே சொல்வேன்.

*

பிறகு நடந்தவற்றைச் சுருக்கிச் சொல்லலாம். டிவைஸ்ஸ்கேப் நிறுவனம் 2006இல் திறந்துவிட்ட நிரலிலிருந்து, எல்லா வைஃபை அட்டைகளுக்கும் பொதுவான அடித்தளம் ஒன்று 2007இல் லினக்ஸுக்குள் வந்தது. அதன்மேல் திருத்தி எழுதப்பட்ட பிராட்காம் இயக்கி, பி43 என்ற பெயருடன் ஜனவரி 2008இல் வெளியானது. அதே ஆண்டு ஏதெரோஸ் மனம் மாறித் தானே திறந்த இயக்கியை வெளியிட்டது. 2009இல் இத்தாலியின் பிரேஷா பல்கலைக்கழகத்தில் பிராட்காம் சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த ஃபர்ம்வேரே எழுதப்பட்டது. வெட்டியெடுக்கும் கருவி தேவைப்படாத அந்த நாள் சிறியதொரு விடுதலை நாள்.

செப்டம்பர் 2010இல் பிராட்காமும் இறங்கி வந்தது. மூலநிரலுடன் ஓர் இயக்கியை வெளியிட்டது. ஆனால் அது பிசிஎம் 4313 போன்ற அப்போதைய புதிய சில்லுகளுக்கு மட்டும். எந்தச் சில்லுகளுக்காக அத்தனை பேர் கண்விழித்தார்களோ அவை அப்பட்டியலில் இல்லை. அவற்றுக்கு பி43 ஒன்றே கதி. அதனைப் பல ஆண்டுகள் பேணியவர்களில் ஒருவரான லாரி ஃபிங்கர் ஜூன் 2024இல் மறைந்தார். பிராட்காமில் தொடங்கிப் பிற நிறுவனங்களின் அட்டைகளுக்கும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். தம் பழைய மடிக்கணினி ஏன் தானாகவே இணையத்தைப் பிடிக்கிறது என்று யோசிக்காத எத்தனையோ பேர் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

*

கதவு திறந்துவிட்டதா? முன்பு சொன்ன இன்டெல்லின் நகர்த்தலை இங்கே நினைவுகூர வேண்டும். இன்று பெரும்பாலான வைஃபை அட்டைகளுக்குத் திறந்த இயக்கி உண்டு. நிறுவனங்களே எழுதித் தருகின்றன. ஆனால் அந்த இயக்கி தொடங்கியதும் முதலில் செய்யும் வேலை, மூடிய ஃபர்ம்வேர் ஒன்றைச் சில்லுக்குள் ஏற்றுவது. முன்பு வாசலில் இருந்த பூட்டு இப்போது உள்ளறைக்குப் போயிருக்கிறது. வாசலில் நின்று பார்ப்பவர்க்கு வீடு திறந்திருப்பதாகத் தோன்றும்.

ஆகவே இது கதவைத் திறந்த கதையென்று நான் முடிக்கப் போவதில்லை. விலைகொடுத்து வாங்கிய பொருளின் இயல்பை அறியும் உரிமை எனக்குண்டா என்ற கேள்வியைச் சிலர் கேட்டார்கள். ஆம் என்று தாமே விடை சொல்லிக்கொண்டார்கள். அந்த உரிமையை நிலைநாட்டும்போது இன்னொருவர் எழுத்தைத் திருடிவிடக்கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தார்கள். உரிமை கேட்பவர்கள் ஒழுக்கத்தை விட்டுவிடுவதும், ஒழுக்கம் பேசுபவர்கள் உரிமையைக் கைவிடுவதும் நாம் அடிக்கடி காண்பவை. இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு, நடுவில் வாக்கால் ஒரு சுவர் எழுப்பி, அதன் இருபுறமும் அமர்ந்து வேலை செய்தவர்கள் குறைவு.

அந்தச் சில்லுகள் இன்று பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. மூலத்தை மறைத்தவர்கள் அதை மறைத்தபடியே இருக்கட்டும். உரை இருக்கிறது. எழுத்தறிந்த எவரும் படிக்கலாம்.